மணிக்கு எத்தனை யோசனை?

கொரோனா ஓய்ந்து, ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் மறுபடியும் முழு வேலை நடக்கத் தொடங்கிய வருடம் அது. நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கம்பெனியில், தையல் பிரிவில் நான் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். என் லைனில் நாற்பது பெண்கள், நாற்பது மெஷின். லைனின் தலைமாட்டில் ஒரு வெள்ளை போர்டு தொங்கும். ஒன்பதிலிருந்து பத்து, பத்திலிருந்து பதினொன்று என்று கட்டம் போட்டு, மணிக்கு எத்தனை ஜோடி தைக்க வேண்டும், எத்தனை தைத்தோம் என்று அதில் எழுதுவேன். குறைந்தால் சிவப்பு மார்க்கர். முகத்துக்கு நேரே 'அக்கா', முதுகுக்குப் பின்னால் அந்தப் பெண்கள் எனக்கு வைத்திருந்த பெயர் 'மணிக்கூண்டு'. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியும். உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு.

அந்த லைனில் பதினேழாவது மெஷினில் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும். பேர்ணாம்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். கணவர் கட்டட வேலை, இரண்டு பெண் குழந்தைகள். கை சுத்தம், தையல் நேராக இருக்கும். ஒரே ஒரு பழக்கம்தான் எனக்குப் பிடிக்காது. ஒரு கூடை ஷூத் துண்டுகளைத் தைத்து முடித்து அடுத்த கூடையை எடுப்பதற்கு முன்னால், கையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே இருக்கும் ஜன்னலைப் பார்ப்பாள். அரை நிமிஷம், சில நாள் ஒரு நிமிஷம். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை. ஒரு தண்ணீர் டேங்க், அதற்குப் பின்னால் கொஞ்சம் மலை.

"இன்னாம்மா, மாப்ள கிப்ள வர்றானா அந்தப் பக்கம்?" என்று கேட்பேன். லைனே சிரிக்கும். அவளும் சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வாள். கணக்கில் ஒரு ஜோடி குறைந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். குறையவே குறையாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அந்த சமயத்தில் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. பெண்கள் போடும் குட்டை பூட். கணுக்காலைச் சுற்றி ஒரு வளைவு வரும். அந்த வளைவில் தைத்தால் தோல் சுருக்கம் விழுந்தது. ஊசியை மாற்றினோம், நூலை மாற்றினோம், தையலை நெருக்கிப் பார்த்தோம், தளர்த்திப் பார்த்தோம். புது மாடல்களை உருவாக்கும் சாம்பிள் ரூமிலிருந்து மாஸ்டரே இறங்கி வந்து மெஷினில் உட்கார்ந்தார். முப்பது வருடம் ஷூவோடு வாழ்ந்தவர். அவருக்கும் சுருங்கியது. மூன்று நாள் என் போர்டு முழுக்க சிவப்பு.

நாலாவது நாள் காலை, பஸ்ஸை விட்டு இறங்கியவள் பையைக்கூட வைக்காமல் நேரே என்னிடம் வந்தாள்.

"அக்கா, ஓரத்துலருந்து தைக்கறதாலதான் சுருங்குது. நடு எடத்துல ஒரு மார்க் வெச்சி, அங்கருந்து இந்தப் பக்கம் ஒரு தபா, அந்தப் பக்கம் ஒரு தபா தச்சிப் பாக்கலாமா? மிச்சத் தோலு ரெண்டு ஓரத்துக்கும் போய்டும். ஓரத்த எப்படியும் வெட்டத்தான போறோம்."

"நடுவுல தையல் மேல தையல் விழுமே?"

"அதுமேல பட்டை வருதேக்கா. தெரியாது."

தைத்தாள். சுருக்கம் இல்லை. மாஸ்டர் அந்த பூட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்படித் தோன்றியது என்று கேட்டார். அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. போன வாரம் பெரிய மகளின் நோட்டுகளுக்கு லேபிள் ஒட்டினாளாம். ஓரத்திலிருந்து ஒட்டினால் சுருங்கியதாம், நடுவில் அழுத்தி இரண்டு பக்கமும் தேய்த்தால் சுருங்கவில்லையாம். "அப்ப இந்த பூட்டு ஞாபகமே இல்ல சார். இன்னிக்கு பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்து சும்மா மலைய பாத்துக்கினு வந்தேன். திடீர்னு ரெண்டும் ஒண்ணா வந்து நின்னுச்சி" என்றாள்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ண ஏம்மா மெஷின்ல உக்கார வெச்சிருக்கீங்க? எனக்குக் குடுங்க."

சாம்பிள் ரூமில் அப்போது ஓர் உதவியாளர் இடம் காலியாக இருந்தது. எங்கள் கம்பெனியில் லைனிலிருந்து சாம்பிள் ரூமுக்குப் போவது சாதாரண விஷயம் இல்லை. ஆபீஸ் ஆள் ஆகிவிடலாம். அதைவிட முக்கியம், அங்கே போர்டு கிடையாது, மணிக் கணக்கு கிடையாது. அவளிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. "அங்க போனா ஒரே செருப்ப நாள் பூரா பாத்துக்கினே இருக்கலாமாக்கா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டாள். கேட்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்பது எனக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார். அதே இடத்துக்கு ஷூ டிசைன் டிப்ளமோ படித்த ஒருவரும் விண்ணப்பித்திருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே பிரச்சினை கொடுப்போம், திங்கட்கிழமை கொடுத்து புதன்கிழமை மத்தியானம் பதில் கேட்போம், யார் பதில் நன்றாக இருக்கிறதோ அவருக்கு வேலை என்றார்.

பிரச்சினை இதுதான். கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடும் ஒரு கட் ஷூவில், உள்ளே ஒட்டும் மெல்லிய தோல் இரண்டு துண்டாக வந்து குதிகாலுக்கு நேர் பின்னால் சேர்கிறது. அந்த மூட்டு குதிகாலில் உரசிக் கொப்புளம் போடுகிறது. புதிதாக எந்தத் துண்டும் சேர்க்காமல், தோல் செலவும் கூடாமல் அதைச் சரி செய்ய வேண்டும்.

இங்கேதான் நான் உள்ளே புகுந்தேன்.

என் லைன் பெண் ஜெயித்தாக வேண்டும். எனக்கு அது வெறி மாதிரி ஆகிவிட்டது. அவளுக்காக என்றுதான் சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் எனக்காகவும்தான், அதை இப்போது மறைத்து என்ன பயன்? அவளை மெஷினிலிருந்து எழுப்பினேன். பேக்கிங் பக்கத்தில் அட்டைப் பெட்டிகள் வைக்கும் சின்ன அறையைக் காலி செய்து, மேஜை, நாற்காலி, அந்த ஷூ, பேப்பர், பென்சில் எல்லாம் வைத்துக் கொடுத்தேன். ஜன்னல் இல்லாத அறை. கவனம் சிதறாது பாரு என்று பெருமையாகச் சொன்னேன். அப்புறம் பழக்கதோஷம், ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். ஒன்பதிலிருந்து பத்து, பத்திலிருந்து பதினொன்று. மணிக்கு இரண்டு யோசனையாவது எழுத வேண்டும் என்றேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே சொன்னேன்.

மணிக்கு ஒருமுறை லைனை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறப்பேன்.

"இன்னா, எதாவது வந்துச்சா?"

"யோசிக்கிறேன்க்கா."

"யோசிக்கிறேன்னா? தாள்ல ஒண்ணையும் காணோமே!"

அவசரமாக எதையாவது எழுதுவாள். மூட்டுக்கு மேல் பஞ்சு வைக்கலாம். மெல்லிய பட்டை ஒட்டலாம். சின்னத் துணித் துண்டு வைக்கலாம். நானும் கட்டத்தில் எண்ணிக்கை போட்டுவிட்டுத் திருப்தியாக லைனுக்குத் திரும்புவேன்.

அதோடு விட்டேனா? கம்பெனி பஸ் ஐந்தரைக்குக் கிளம்பிவிடும். பஸ்ஸில் போனால் மற்ற பெண்களோடு வெட்டிப் பேச்சில் நேரம் போய்விடும் என்று, அந்த இரண்டு நாளும் சாயங்காலம் என் ஸ்கூட்டியிலேயே அவளை அவள் ஊருக்குக் கொண்டுபோய் விட்டேன். காலையிலும் நானே போய்க் கூட்டி வந்தேன். என் வீடு நேர் எதிர்த் திசை. வழி முழுக்க ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்திக் கத்தி ஷூவைப் பற்றியே கேட்டுக்கொண்டு போனேன். அவள் பின்னால் உட்கார்ந்து "ஆமாக்கா", "அதுவும் சரிதான்க்கா" என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு தடவைகூட அந்த மலையைப் பார்க்க விட்டிருக்க மாட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் சுவர்த் தாளில் இருபத்தாறு யோசனைகள் இருந்தன. இருபத்தாறும் ஒரே யோசனைதான் என்று இப்போது புரிகிறது. எதையாவது நடுவில் வைத்து மூட்டை மறைப்பது. அன்றைக்குப் பிரியாணி வாங்கி வந்திருந்தேன். அவள் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு வாய் சாப்பிட்டு மூடி வைத்துவிட்டாள். மேனேஜர் அறையில் அவளுக்குக் குரலே எழும்பவில்லை. பஞ்சு வைக்கலாம் என்றாள். "புதுசா எதுவும் சேக்கக்கூடாதுன்னு சொன்னேனேம்மா?" என்றார் மேனேஜர். அவள் என்னைப் பார்த்தாள். நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிப்ளமோக்காரர் தையல் முறையை மாற்றி, மூட்டைக் கொஞ்சம் தட்டையாக்கலாம் என்றார். பிரமாதமான பதில் இல்லை, ஆனால் சொன்ன வரம்புக்குள் நின்ற பதில். வேலை அவருக்குப் போனது. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வியாழக்கிழமை அவள் மறுபடி பதினேழாவது மெஷினில் உட்கார்ந்தாள். மறுபடி கம்பெனி பஸ்.

வெள்ளிக்கிழமை காலை நான் போர்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து "அக்கா" என்று குரல். திரும்பினால், அதே மாதிரி பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ரெண்டு துண்டும் சமமா இருக்கணும்னு யாருக்கா சொன்னது? ஒண்ண நீளமா, ஒண்ண கட்டையா வெட்டினா? நீளமானது குதிகால சுத்தி வந்துடும். மூட்டு உள்பக்கமா, கணுக்காலுக்குக் கீழ போய்டும். அங்க ஷூ ஒரசாது. தோலும் ஜாஸ்தி ஆகாது, ஒண்ணுல கூட்டறத இன்னொண்ணுல கம்மி பண்றோம், அவ்ளோதான்."

எனக்கு மார்க்கர் கையிலேயே நின்றுவிட்டது. எப்படித் தோன்றியது என்று கேட்டேன். முந்தின நாள் காலையில் அவள் கணவர் லுங்கி கட்டும்போது, மூட்டின இடம் நடுவில் வந்திருக்கிறது. அதை இடுப்புப் பக்கம் திருப்பிவிட்டுக் கட்டியிருக்கிறார். தினமும் செய்வதுதான். "அப்ப ஒண்ணும் தோணலக்கா. இன்னிக்கு பஸ்ஸுல வரும்போது..." என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். சாம்பிள் ரூம் வேலை கைநழுவிவிட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு மறுபடி உறைத்திருக்கும்.

அவளைக் கூட்டிக்கொண்டு மாஸ்டரிடம் ஓடினேன். அவர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதுதாம்மா பதில். இதுதான்." மேனேஜரிடமும் போனோம். டிப்ளமோக்காரருக்கு வேலை ஆர்டர் கொடுத்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார். அதோடு ஒரு கேள்வியும் கேட்டார். "முந்தாநாள் இதே அறையில நின்னாங்களே, அப்ப ஏன் சொல்லல?"

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் எனக்குத் தெரியாவிட்டாலும், என்மேல் ஏதோ தப்பு இருக்கிறது என்று உள்ளே ஒரு குறுகுறுப்பு இருந்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "பயந்துட்டா சார், அவ்ளோதான்." அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

வெளியே வந்து, தாழ்வாரத்தில், அவள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். "நான் பயப்படலக்கா. நீங்க வந்து வந்து கேட்டுக்கினே இருந்தீங்களா, உங்களுக்கு பதில் சொல்றதுலயே பொழுது போய்டுச்சி. அந்த ஷூகூட பேசவே முடியல."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்றைக்கு அதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. சொந்த வண்டியில் பெட்ரோல் போட்டு அலைந்திருக்கிறேன், கடைசியில் என்னையே குறை சொல்கிறாளே என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. சின்னப் புத்தி.

அவள் சொன்ன முறையில்தான் அந்த ஷூ தயாராகி வெளிநாடு போனது. அடுத்த இடம் காலியானால் உனக்குத்தான் என்று நானும் மாஸ்டரும் சொல்லிக்கொண்டிருந்தோம். காலியாகவில்லை. ஆனால் லைனில் ஒரு மாற்றம் வந்திருந்தது. ஒரு கூடை முடிந்ததும் அவள் அடுத்த கூடையை உடனே எடுத்தாள். நிமிரவே இல்லை. ஜன்னலைப் பார்ப்பது நின்றுபோனது. நான் பக்கத்தில் போனால் இன்னும் வேகமாகத் தைத்தாள். போர்டில் பதினேழாவது மெஷின் எப்போதும் டார்கெட்டுக்கு மேலேயே இருந்தது. எட்டு மாதம் கழித்து, ராணிப்பேட்டைப் பக்கம் வேறொரு கம்பெனிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். அந்த எட்டு மாதத்தில் அவளிடமிருந்து ஒரு யோசனைகூட வரவில்லை.

போன வருடம் என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளியில் பெற்றோர் கூட்டம் வைத்து, வேலூரிலிருந்து ஒரு மூளை நரம்பு மருத்துவரைப் பேச அழைத்திருந்தார்கள். பிள்ளைகளைப் படி படி என்று அரிக்காதீர்கள் என்று ஆரம்பித்தார். இது வழக்கமான பேச்சு என்று நான் போனைத் தடவிக்கொண்டிருந்தேன். நடுவில் அவர் சொன்ன ஒரு விஷயத்தில் நிமிர்ந்தேன்.

நாம் ஒன்றும் செய்யாமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும்போது மூளை ஓய்ந்திருப்பதாக நினைக்கிறோம், அப்படி இல்லை என்றார். அந்த நேரத்தில்தான் மூளையில் சில பகுதிகள் சேர்ந்து வேலை செய்கின்றனவாம். என்றைக்கோ பார்த்தது, கேட்டது, கையால் செய்தது எல்லாவற்றையும் கிளறி, சம்பந்தமே இல்லாத இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்குமாம். இன்னொரு பகுதி, இது உதவுமா உதவாதா என்று சரிபார்க்குமாம். புதிய யோசனை வர இரண்டும் வேண்டும். "சும்மா இருந்தாலே வந்துடும்னு இல்ல. முதல்ல அந்தப் பிரச்சினையில முழுசா ஊறணும். மண்டையப் போட்டு உடைச்சிக்கணும். அப்புறம் கொஞ்சம் விடணும். சரிபார்க்கிற ஆள் வாசல்லயே நின்னு விரட்டினா உள்ள இருக்கறது எதுவும் வெளிய வராது. பதட்டத்துல மூளை தெரிஞ்ச வழியிலயேதான் திரும்பத் திரும்பப் போகும்" என்றார்.

இருபத்தாறு யோசனைகள். இருபத்தாறும் ஒரே வழி.

கேள்வி கேட்கலாம் என்றபோது நான் எழுந்துவிட்டேன். எழுந்தது எனக்கே ஆச்சரியம். "சார், யோசிக்கிறவங்ககிட்ட ஒருத்தர் மணிக்கு ஒரு தடவ வந்து, என்ன ஆச்சு என்ன ஆச்சுன்னு கேட்டுட்டே இருந்தா என்ன சார் ஆகும்?"

அவர் சிரித்தார். "அப்ப அந்த ஒருத்தருக்கு என்ன பதில் சொல்றதுன்னுதாம்மா மூளை யோசிக்கும்."

அரங்கமே சிரித்தது. என் மகள்கூட என்னைப் பார்த்துச் சிரித்தாள், வீட்டில் நான் செய்வதைத்தான் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நான் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மருத்துவர் இத்தனை வருடம் படித்துச் சொன்னதை, தாழ்வாரத்தில் நின்று அவள் எனக்கு அப்போதே சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதால் நான் கேட்கவில்லை. மேடையில் ஒருவர் மைக் பிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் போன் எண் மாறியிருந்தது. பழைய பஸ் பெண்களிடம் விசாரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்கே போனேன். அதே ஸ்கூட்டி, அதே சாலை. இந்தத் தடவைதான் அந்த மலையை நான் பார்த்தேன். இவ்வளவு நீளமாகக் கூடவே வரும் என்று எனக்குத் தெரியாது.

என்னைப் பார்த்ததும் "வாங்கக்கா, வாங்கக்கா" என்று நாற்காலி இழுத்துப் போட்டாள். புதிய கம்பெனியிலும் மெஷின்தான். பெரிய மகள் ஒன்பதாவது போய்விட்டாள். டீ குடித்து முடிக்கும்வரை ஊர்க்கதை பேசினோம். பிறகு நான் சொன்னேன். அன்றைக்கு மேனேஜரிடம் நீ பயந்துவிட்டாய் என்று சொன்னது பொய், கெடுத்தது நான்தான், மன்னித்துவிடு என்று. சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அவள் பதறிப்போனாள். "ஐயோ, இன்னாக்கா இதுக்குப் போயி! எனக்கு நல்லதுன்னுதான பண்ணீங்க? வுடுங்க, அதெல்லாம் மறந்தே போச்சி."

"இப்பவும் அந்த மாதிரி எதாவது தோணுதா? பஸ்ஸுல வரும்போது, போகும்போது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இல்லக்கா. இப்பல்லாம் பஸ்ஸுல ஏறினா தூங்கிடறேன்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. திரும்பி வரும்போது வண்டியை ஓரமாக நிறுத்தி, கொஞ்ச நேரம் சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

நான் இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறேன், போர்டும் இருக்கிறது. கூடை மாற்றும்போது யாராவது ஜன்னலைப் பார்த்தால், நான் வேறு பக்கம் திரும்பி நடந்துவிடுகிறேன். மணிக்கூண்டுக்கு வயதாகிவிட்டது என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்களாம், பேசட்டும். நாற்காலி, மேஜை, பேப்பர், பென்சில், பிரியாணி, ஸ்கூட்டி சவாரி என்று அவளுக்கு என்னால் முடிந்த எல்லாவற்றையும் கொடுத்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது பஸ்ஸில் ஒரு ஜன்னலோரமும் நான் வாயை மூடுவதும் மட்டும்தான், அதை மட்டும் கொடுக்கவில்லையே என்ற நினைப்பு என்னை விட்டுப் போகவே இல்லை.